குடையக்காவும் மரங்கொத்திப் படையும்

அந்த விமானப்படைத் தளத்துக்குள் அவள் காலடி எடுத்து வைத்தது கல்யாணமான கையோடு. புருஷன் அங்கே எரிபொருள் லாரி ஓட்டினான். போர் விமானங்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு லாரியை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய், குழாயை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் வயிறு நிறைய ஊற்றிவிட்டு வருவது அவன் வேலை. "நான் ஊட்டலைன்னா இங்க ஒருத்தரும் பறக்க முடியாது, தெரிஞ்சுக்கோ" என்று வீட்டில் பீற்றிக்கொள்வான். ஒரு வெயில் நாளில் லாரிகள் வரிசையில் காத்திருந்தபோது ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தவன் சாய்த்தவன்தான். தூங்குகிறான் என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். மகளுக்கு அப்போது பால் பல்கூட விழவில்லை.

படை அவளை அம்போ என்று விட்டுவிடவில்லை. அன்றைக்கு இருந்த கமாண்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்களுக்கு என்னம்மா வேலை தெரியும்?"

"பொத்தான் தைப்பேன் சார். கிழிசல் தைப்பேன்."

"அது போதும். மத்ததைக் கத்துக்கலாம்."

மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, வேறு ஊருக்குப் போய்ப் பயிற்சி முடித்து வந்தாள். விமானிகளின் பாராசூட்டை மடித்துக் கட்டும் வேலை. வந்த முதல் வாரமே அவளுக்குக் 'குடையக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். பிறகு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

அந்தத் தளத்தில் இருந்த படைப்பிரிவுக்கும் எண் ஒன்று உண்டு. ஆனால் தளத்தில் யாரும் எண்ணைச் சொல்லமாட்டார்கள், மரங்கொத்திப் படை என்றுதான் சொல்வார்கள். மூக்கில் காற்றாடி சுழலும் பழைய விமானங்களோடு பெரிய யுத்தக் காலத்தில் தொடங்கிய படை அது. அந்த விமானங்களின் துப்பாக்கி சுட்டால் காய்ந்த மரத்தில் பறவை கொத்துகிற சத்தம் கேட்குமாம். யாரோ ஒரு விமானி விளையாட்டாக விமானத்தின் மூக்கில் சிவப்புக் கொண்டை வைத்த மரங்கொத்தி ஒன்றை வரைந்தான். மேலிடம் முதலில் திட்டியது, பிறகு அதையே சின்னமாக ஒப்புக்கொண்டது. எல்லைச் சண்டையில் ஆற்றுப் பாலம் ஒன்றை உடைத்துவிட்டு வந்தது இந்தப் படைதான். ஜெட் விமானங்கள் வந்தபோது முதலில் பெற்றுக்கொண்டதும் இதுதான். அலுவலகத் தாழ்வாரத்தில் அந்தக் காலத்துப் புகைப்படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். மீசை வைத்த இளைஞர்கள் விமானத்தின் மேல் கால் போட்டு, உலகமே தங்களுடையது என்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

குடையக்கா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் படை அந்தச் சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. விமானங்களுக்கு வயதாகிவிட்டிருந்தது. ஆனாலும் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக அவை கிளம்பும்போது மடிப்பறையின் ஜன்னல் கண்ணாடி அதிரும், மேஜை மேல் இருக்கும் ஊசி டப்பா தானாக நகரும்.

மடிப்பறை நீளமான அறை. அறையின் நீளத்துக்கு ஒரே மேஜை, வழவழவென்று தேய்த்தது. அதன் ஒரு கோடியில் கதவைத் திறந்தால் புகைபோக்கி மாதிரி நெட்டுக்குத்தாக ஒரு கூடம். பாராசூட்டுகளை உச்சியில் கட்டித் தொங்கவிட்டுக் காற்றாட வைக்கும் இடம் அது. வெங்காயத் தோல் போல மெல்லிய துணி, உள்ளே யாரும் இல்லாத பாவாடைகள் மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். அவள் மோதிரம் போடக்கூடாது, நகம் வளர்க்கக்கூடாது. துணியைப் புத்தகப் பக்கம் திருப்புவது போல ஒவ்வொரு மடலாகத் திருப்பி, கயிறுகளைச் சிக்கு விழாமல் தலை வாருவது போல வாரி, கலையாமலிருக்கச் சிறிய மணல் பைகளை மேலே வைத்து, பெட்டிக்குள் அடைத்து, சிவப்பு நூலால் கட்டி முத்திரை வைப்பாள். மடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை நிறுத்தி, முழுவதையும் உதறிப் பிரித்து, முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதற்குப் பயந்தே யாரும் வாசலைத் தாண்டமாட்டார்கள்.

குறித்த காலம் ஆனதும் பயன்படாத பாராசூட்டுகள் திரும்பி வரும். பிரித்து, காற்றாடவிட்டு, மறுபடி மடிப்பாள். ஒருவரும் உபயோகிக்காத ஒன்றைத் திரும்பத் திரும்பப் பிரித்து மடிப்பதுதான் அவள் பிழைப்பு. "என் வேலை வீணாப் போனா எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்" என்பாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் வீட்டில் ஒரு துணியும் மடிக்கப்பட்டதில்லை. துவைத்துக் காய்ந்த துணியெல்லாம் நாற்காலியில் மலை போலக் கிடக்கும். மகள் வளர்ந்து வாய் பேச ஆரம்பித்ததும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் மடிக்கிறே. என் பாவாடையை மட்டும் தேடித்தான் எடுக்கணுமா?"

"நீ என்ன வானத்துல இருந்தா குதிக்கப் போறே? போய் உதறிப் போட்டுக்கோடி."

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கொசு வந்தான்.

விமானிகள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். தூங்குமூஞ்சி என்று ஒருவன், மாமா என்று ஒருவன். புதிதாக வந்த இவன் ஒல்லிக்குச்சி. ஓரிடத்தில் நிற்காமல் காதருகே ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பான். கொசு என்ற பெயர் அவனுக்கென்றே செய்தது போலப் பொருந்திவிட்டது. மற்றவர்கள் மடிப்பறைக்கு வந்தால் பாராசூட்டைப் பற்றி ஏதாவது கேட்டுவிட்டுப் போவார்கள். இவன் வாசலிலேயே நின்று, அவள் கை ஓயும்வரை காத்திருந்து, ஊர்வம்பு பேசுவான். அவளுக்குத் தம்பி கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் பிராணனை வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். மற்றவர்கள் முன்னால் சார் என்பாள், தனியாக இருந்தால் தம்பி.

அவன் கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்குத் தளத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. எல்லோருக்கும் அவள் பாட்டு டீச்சர். குடியிருப்பில் குடையக்காவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர்கள் வீடு. டீச்சருக்கு ஊசியில் நூல்கூடக் கோக்கத் தெரியாது. ஜன்னல் திரை தைக்க வேண்டும் என்று துணியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எதுக்கு இவ்வளவு கெட்டித் துணி?" என்று கேட்டாள் குடையக்கா.

"கொசு வருதுக்கா, அதான்."

"அதை வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு ஜன்னலை மூடி என்னம்மா பிரயோஜனம்?"

டீச்சர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். சாயங்காலமானால் டீச்சர் இங்கே, இல்லாவிட்டால் குடையக்கா அங்கே. மகளுக்கு டீச்சர் இலவசமாகப் பாட்டுக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். "உங்க பொண்ணுக்குத் தொண்டை இருக்கு, காதுதான் இல்லை" என்று சொல்லிக் கடைசியில் கைவிட்டாள்.

ஒருநாள் டீச்சர் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, இவரோடதை நீங்கதானே மடிக்கிறீங்க?"

"பெரும்பாலும் நான்தான். ஏன்?"

"ஒண்ணுமில்லை. உங்க கைன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்."

மழைக்கு முந்தின மாதம் அது. காலையில் வழக்கம்போல விமானங்கள் கிளம்பின. ஜன்னல் அதிர்ந்தது. நான்காவது விமானத்தின் சத்தம் மட்டும் பாதியில் அறுந்தது. குடையக்காவின் கையில் ஒரு கயிறு இருந்தது. அதைப் பிடித்தபடியே அவள் நின்றாள். தூரத்தில் குழாய் உடைந்தது போல ஒரு சத்தம், பிறகு அபாயச் சங்கு. வெளியே ஓடிவந்தபோது வயல்வெளிப் பக்கம் கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. யார், யார் என்று எல்லோரும் கேட்டார்கள். அடுத்துக் கிளம்ப இருந்த மாமா என்கிற அந்தப் பெரிய விமானி தலைக்கவசத்தைத் தரையில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கொசுவும் மாமாவும் எப்போதும் ஜோடியாகத்தான் பறப்பார்கள்.

கிளம்பிய சற்று நேரத்தில் எஞ்சின் அணைந்துவிட்டது. கொசு இருக்கையோடு வெளியே எகிறினான். பாராசூட்டும் பெட்டியை விட்டு வெளியே வந்தது. ஆனால் அது காற்றை வாங்கி விரிவதற்கு முன்னால் தரை வந்துவிட்டது.

மடிப்பறைக்கு அன்றே பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். விசாரணைக்கு வெளியூரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். குடையக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சாக்கிலிருந்து அந்தப் பாராசூட்டை எடுத்து மேஜை மேல் பரப்பினார்கள். சேறும் புல்லும் ஒட்டியிருந்தன. ஒரு ஓரத்தில் வேறு கறையும் இருந்தது. அதைப் பார்க்காமலிருக்க அவள் கயிறுகளையே பார்த்தாள்.

"இது உங்க மடிப்பா?"

"ஆமா சார்."

"மடிச்ச அன்னைக்கு ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா? யாராவது கூப்பிட்டாங்களா, உடம்பு சரியில்லையா?"

அவள் யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் அந்த நாள் ஞாபகத்துக்கு வரவில்லை. மற்ற நாட்களைப் போல அதுவும் ஒரு நாள். அன்றைக்கு என்ன சமைத்தாள், மழை பெய்ததா, எதுவும் தெரியவில்லை. ஏதாவது நடந்திருந்தால் ஞாபகம் இருக்கும் என்று அதிகாரி சமாதானமாகச் சொன்னார். அவளுக்கோ அந்த ஞாபகமின்மையே பெரிய குற்றமாகப் பட்டது. ஒரு உயிரை மடித்து வைத்த நாள் எப்படி மறந்துபோகும்?

விசாரணை முடிந்ததும் கமாண்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க மடிப்புல ஒரு குறையும் இல்லம்மா. உயரம் பத்தலை. அந்தப் பழைய இருக்கையோட எகிறினா, குடை விரிய இன்னும் கொஞ்சம் உயரம் வேணும். அவ்வளவுதான்."

"இதை டீச்சர்கிட்ட நான் சொல்லலாமா சார்?"

"அறிக்கை ரகசியம். நீங்க எதுவும் பேசக்கூடாது. சொல்ல வேண்டியதை நாங்க சொல்லிக்கறோம்."

சொன்னார்களா, எப்போது சொன்னார்கள், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அதற்கு முன்னால், சவ அடக்கத்தின்போதே டீச்சருக்கு அருகே போகப் பார்த்தாள். சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்றிருந்தார்கள். டீச்சர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டைக் காலி செய்கிற அன்று டீச்சர் தானாக வந்தாள். வாசலில் லாரி நின்றது. கட்டிலைக் கழற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் உள்ளே வரவில்லை, படியில் நின்றபடியே கேட்டாள்.

"நீங்கதானே மடிச்சது?"

"ஆமா கண்ணு. நான்தான்."

மேலே சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கினாள். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பேசலாம் என்றிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கைகளைத்தான் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு போய் லாரியில் ஏறிக்கொண்டாள்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குடையக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து டீச்சரின் அப்பா வீட்டுக்குப் போனாள். ரகசியமாவது மண்ணாவது, சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வெளிக் கதவருகே டீச்சரின் அப்பா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அவ யாரையும் பாக்கறதில்லையேம்மா. நீங்க யாரு?"

"தளத்துல வேலை பாக்கறேங்க. தெரிஞ்சவதான்."

"என்ன வேலை?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"தையல் வேலைங்க."

"அப்படியா. வந்துட்டுப் போனீங்கன்னு சொல்றேன்" என்றார் அவர் மரியாதையாக. அவள் திரும்பி நடந்தாள். தான் சொன்ன பொய் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்குக் கசந்தது. தப்பு செய்யாதவள் எதற்குப் பொய் சொன்னாள்? டீச்சரின் காதில் அது விழுந்தால் என்ன நினைப்பாள்? வீடு வந்து சேர்ந்ததும் மகளிடம், "என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்" என்றாள்.

மகள் அப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவின் கை சாப்பிடும்போது நடுங்குவதை அவள்தான் முதலில் கவனித்தாள்.

"இந்த வேலையை விட்டுடும்மா. துணிக்கடையில கேட்டா தர மாட்டாங்களா?"

"இப்ப விட்டா, நான்தான் தப்பு பண்ணேன்னு ஆயிடும்."

"யாருக்கு ஆயிடும்? யார் உன்னைக் கேக்கறாங்க?"

யாரும் கேட்கவில்லைதான்.

மடிக்கும்போது மட்டும் கை நடுங்காது. மேஜை முன்னால் நின்றால் கை பழைய கையாகிவிடும். ஆனால் ஒவ்வொரு விமானம் கிளம்பும்போதும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து, சத்தம் அறுபடாமல் தேய்ந்து மறையும்வரை நிற்பாள். அதனால் வேலை தாமதமானது. யாரும் அவளைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டு மழை கழித்து தூங்குமூஞ்சியின் விமானம் மலைக்கு அந்தப் பக்கம் தீப்பிடித்தது. அவன் நல்ல உயரத்தில் இருந்தான். குடை அழகாக விரிந்தது. காட்டில் இறங்கி, கால் சுளுக்கோடு விறகு வெட்டுகிறவர்களின் வண்டியில் வந்து சேர்ந்தான். நொண்டிக்கொண்டே நேராக மடிப்பறைக்கு வந்து, கதவு வாசலைத் தாண்டி, யார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அவள் காலில் விழுந்தான். எல்லோரும் கை தட்டினார்கள், கமாண்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார். குடையக்கா சிரித்தாள். பிறகு துணி உலர்த்தும் கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தொங்கும் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவனுக்கு விரிந்தது. அதே கை, அதே நூல். கொசுவுக்கு மட்டும் விரிய ஏன் நேரம் கிடைக்கவில்லை?

படை அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மெலிந்தது. உதிரிபாகம் கிடைக்காமல் ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றைப் பறக்கவிட்டார்கள். பிரித்த விமானங்கள் கொட்டகைக்குப் பின்னால் கண் பிடுங்கிய மாதிரி நின்றன. பத்திரிகைகள் அந்த விமானங்களுக்கு ஒரு கெட்ட பெயர் வைத்தன. அதைக் குடியிருப்பில் யாரும் உச்சரிப்பதில்லை. மாமா மாற்றலாகிப் போனார். தூங்குமூஞ்சி பயணிகள் விமானம் ஓட்டப் போனான். புதிதாக வந்த விமானிகளுக்குக் கொசு என்று ஒருவன் இருந்ததே தெரியாது. தாழ்வாரத்துப் புகைப்பட வரிசையில் ஒரு ஒல்லி முகம், அவ்வளவுதான். மடிப்பறையில் முன்பு நால்வர் இருந்தார்கள், கடைசியில் அவளும் ஒரு உதவியாளும்தான்.

ஒருநாள் எல்லோரையும் கூட்டி வைத்து, கடைசிக் கமாண்டர் உத்தரவைப் படித்தார். படை கலைக்கப்படுகிறது. விமானங்கள் ஓய்வு பெறுகின்றன. ஆட்கள் வேறு வேறு இடங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுவார்கள். "நம்ம நம்பர் சாகாது. என்னைக்காவது புது விமானம் வந்தா இதே நம்பர்ல படை மறுபடி எழும்பும்" என்று சொல்லும்போது அவருடைய குரலே அதை நம்பவில்லை. வயதான மெக்கானிக் ஒருவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "செத்தவனுக்கு வேலையில பதவி உயர்வு குடுக்கற மாதிரி" என்று முணுமுணுத்தார். இரண்டு பேர் சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

கலைப்பு விழாவுக்குப் பழைய ஆட்களையும் இறந்தவர்களின் குடும்பங்களையும் அழைத்தார்கள். மூன்று விமானங்கள் கடைசியாகப் பறந்து, தாழ வந்து, இறங்கி, எஞ்சினை அணைத்தன. அணைந்த பிறகு வந்த அமைதி யாருக்கும் பிடிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். படையில் இருந்து இறந்தவர்களின் பெயர்களைப் படித்தார்கள். கொசுவின் நிஜப் பெயர் வந்தபோது குடையக்காவுக்கு ஒரு கணம் அது யாரென்று தெரியவில்லை. மரங்கொத்திக் கொடியை இறக்கி மடித்தார்கள். மடித்த இளைஞர்களுக்கு ஓரம் சரியாக வரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தேநீருக்கு எல்லோரும் கூடாரத்துப் பக்கம் போக, அவள் மடிப்பறைக்கு வந்தாள். பாக்கி வேலை இருந்தது. இனி எந்த விமானத்துக்கும் பொருந்தாத அந்தப் பாராசூட்டுகளை வேறு யாரும் தவறிப்போய்ப் பயன்படுத்திவிடக் கூடாது என்று, கயிறுகளை வெட்டி, துணியைக் கிழித்துக் கழிவுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. பெரிய கத்தரிக்கோலை எடுத்து அவள் முதல் பெட்டியின் முத்திரையை உடைத்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

"உள்ளே வரலாமா?"

தலை நரைத்திருந்தது. உடம்பு சற்றுப் பூசியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்க டீச்சர்" என்றாள் குடையக்கா. நீ என்று வாயில் வரவில்லை.

டீச்சர் மேஜையின் மறுபக்கம் வந்து நின்று, வழவழத்த பலகையை விரல்களால் தடவினாள். மறுபடி கல்யாணம் செய்துகொண்டதையும், இன்னமும் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதையும் சொன்னாள். குடையக்கா தன் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதைச் சொன்னாள். வெட்டுவதை நிறுத்தவா வேண்டாமா என்று தெரியாமல் குடையக்கா கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்" என்றாள் டீச்சர். "உங்க மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னாங்க? இப்பவா?"

"இல்லை. அந்த வருஷமே. அப்ப இருந்த கமாண்டர் எங்கப்பா வீட்டுக்கே வந்து சொன்னார். எஞ்சின் நின்னதும், வெளியே போ, வெளியே போன்னு கன்ட்ரோல் டவர்ல இருந்து ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க. 'இன்னும் ஒரு தடவை பாத்துடறேன்'னு சொன்னாராம் இவர். மறுபடி எஞ்சினைக் கிளப்பப் பாத்திருக்கார். அதுதான் கடைசிப் பேச்சு." டீச்சர் மூச்சு வாங்கினாள். "ஒரு தடவை பாக்காம இருந்திருந்தா, இன்னைக்கு இருந்திருப்பார்."

குடையக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வருஷமே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை…"

"யார் மேலயாவது கோவப்படணும்போல இருந்துச்சுக்கா. அவர் மேல கோவப்பட என்னால முடியலை. செத்துப்போன மனுஷன்கிட்ட, ஏன்யா என்னை நினைக்கலைன்னு எப்படிச் சண்டை போடறது? எனக்குக் கோவப்பட நீங்கதான் கிடைச்சீங்க. உங்க கையைத்தான் நெனச்சு நெனச்சுத் திட்டுவேன். திட்டிட்டுத் தூங்குவேன். தப்புன்னு தெரிஞ்சேதான் திட்டுவேன்."

இத்தனை வருஷமாக இந்தப் பெண் எதிரே வந்தால் அழுதுவிடுவோம் என்றுதான் குடையக்கா நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"நீ தூங்கினே" என்றாள். 'நீ' தானாகவே வந்துவிட்டது. "நான் தூங்கலைடி. மடிச்ச நாள் எந்த நாள்னு தேடித் தேடியே என் ஆயுசுல பாதி போச்சு. உங்கப்பாகிட்ட வந்து, தையல்காரின்னு பொய் சொல்லிட்டு வந்தேன். நான் எங்க ஓடிப் போயிட்டேன்? இதே ரூம்லதானே இருந்தேன். ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"பண்ணியிருக்கணும்."

"பண்ணலை."

"பண்ணலைக்கா."

டீச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடையக்கா என்ன செய்திருப்பாள் என்று சொல்ல முடியாது. வெளியே கூடாரத்தில் யாரோ ஒலிபெருக்கியில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். குடையக்கா தலையை ஆட்டினாள். வாசல் வரை போய் வழியனுப்பவில்லை. காலடிச் சத்தம் தேய்ந்த பிறகு கத்தரிக்கோலை எடுத்துக் கயிறுகளை வெட்ட ஆரம்பித்தாள். வெட்டுவது மடிப்பதைவிட எவ்வளவோ சுலபமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் பாதி முடிந்துவிட்டது.

அவளை ஒரு பெரிய கிடங்குக்கு மாற்றினார்கள். தார்ப்பாய்களையும் கூடாரத் துணிகளையும் எண்ணி அடுக்கும் வேலை. அங்கே குடையக்கா என்று யாரும் கூப்பிடவில்லை. மேடம் என்று கூப்பிட்டார்கள். அது வேறு யாரையோ கூப்பிடுவது போலவே அவளுக்குக் கடைசிவரை இருந்தது. விமானச் சத்தம் கேட்காத ஊர் அது. ஆனாலும் காலையில் குறிப்பிட்ட வேளை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா, காத்து வாங்க" என்பாள்.

ஓய்வு பெற்று மகள் வீட்டோடு வந்து சேர்ந்தாள். இனி அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தன் மேல் தப்பில்லை என்பது அவளுக்கும் முன்பே தெரிந்ததுதானே. தெரிந்திருப்பதால் தூக்கம் வருவதாக இருந்தால் எப்போதோ வந்திருக்கும். ஒன்று மட்டும் மாறியிருந்தது. கொசுவை நினைத்தால் முன்பெல்லாம் சேறு படிந்த அந்தத் துணிதான் கண்முன் வரும். இப்போது அவன் குரல் வந்தது. இன்னும் ஒரு தடவை பாத்துடறேன் என்கிற குரல். "அவசரக்குடுக்கை, பிடிவாதக்காரன்" என்று அடுக்களையில் தனியாக நின்று அவனைத் திட்டுவாள். அப்போது அவளுக்கு அழுகை வரும்.

கலைப்பு விழாவுக்கு அடுத்த வருஷம், மழைக்கு முந்தின மாதத்தில், டீச்சர் போன் செய்தாள். நம்பரை யாரிடம் வாங்கினாளோ தெரியாது. முழங்கால் வலி, பள்ளிக்கூடத்துப் புதுத் தலைமையாசிரியர், அரிசி விலை என்று எதையெதையோ பேசினாள். கொசுவின் பேச்சை எடுக்கவே இல்லை. அதன்பிறகு வருஷம் தவறாமல் அந்த மாதத்தில் ஒரு போன் வரும்.

சில வருஷம் குடையக்கா எடுத்துப் பேசுவாள். சில வருஷம் அது அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "யாரும்மா?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்பாள். "தெரிஞ்சவங்கதான்" என்பாள் அவள்.